பிராணி ஏழுக்குப் பசிக்கிறதா?

எதுவுமே தெரியாத ஒருவர் அந்த நிலையத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டார். எல்லாம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே மூன்று மாடி நிறைய இருந்தார்கள்.

பசி ஒழுங்காற்று ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். பிராணிகளுக்குப் பசி எப்படி எடுக்கிறது, எப்படி அடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. வயிறு காலியானால் அது கிரெலின் என்ற ஒரு சமாச்சாரத்தைச் சுரந்து ரத்தத்தோடு மூளைக்கு அனுப்புகிறதாம். பசிக்கிறது என்று அதற்கு அர்த்தம். சாப்பிட்ட பிறகு குடல் வேறொன்றை அனுப்புகிறதாம். போதும் என்று அதற்கு அர்த்தம். மூளை இரண்டையும் வாங்கிப் பார்த்து, தின்னலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்கிறதாம். ஆடு, மாடு, எலி எல்லாவற்றுக்கும் இது யாரையும் கேட்காமல் தானாக நடந்துவிடுகிறது. அந்தக் கேவலத்தைப் பொறுக்க முடியாமல்தான் நிலையத்தில் ஒரு குழுவை வைத்திருந்தார்கள்.

பிராணிகள் மேல் எந்தச் சோதனை நடந்தாலும் குழு கூடி அனுமதி தர வேண்டும் என்பது சட்டம். குழுவில் ஒருவராவது விஞ்ஞானம் அறியாத பொது ஆளாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். முன்பு அந்த இடத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். பாவம், சும்மா இருக்க முடியாமல் நூலகத்தில் நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஒரு கூட்டத்தில் ஹைப்போதலாமஸ் என்ற வார்த்தையை நாக்குத் தடுமாறாமல் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவரை நீக்கிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தலைவரின் அலமாரிப் பூட்டு மக்கர் செய்தது. தெருமுனையில் சாவி வெட்டும் மெஷின் வைத்திருக்கும் பூட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்தார், அலமாரியைத் திறந்தார், சுவரில் மாட்டியிருந்த குடலின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, இது பஸ் போற வழியா?" என்று கேட்டார்.

தலைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மாசு மருவற்ற அறியாமையை அவர் தம் பதவிக் காலத்தில் கண்டதில்லை. அங்கேயே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார். எனக்கு எந்தத் துறையிலும் நிபுணத்துவம் இல்லை என்று அதில் இருந்தது.

"பூட்டு சாவி தெரியுமேங்க" என்றார் பூட்டுக்காரர்.

"அதையும் சேத்துத்தான். எந்தத் துறையிலும்னு போட்டிருக்கு பாருங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள வந்துட்டா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. புரியுதா?"

"புரியலீங்க."

"பிரமாதம்!" என்று தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பூட்டுக்காரரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கணவரை நேற்றுவரை "என்னங்க" என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து மெம்பர் என்று கூப்பிட்டாள். கடைக்கு யார் வந்தாலும், "மெம்பர் இப்ப வந்துடுவார், உக்காருங்க" என்றாள். சாவி வெட்டிக்கொண்டு போக வந்தவர்கள் எல்லாம் ஏதோ மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி பவ்யமாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்று பூட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மறைத்து என்ன பயன்?

முதல் கூட்டத்துக்குப் போனபோது வாசலில் காவலாளி அவருடைய கருவிப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். போனையும் ஒரு பெட்டியில் போடச் சொன்னார். "வெளிய இருந்து எந்தத் தீனியும் உள்ள போகக் கூடாது, பையிலயும் பாக்கெட்லயும் ஒரு கடலைகூட இருக்கக் கூடாது. ஆராய்ச்சி கெட்டுடுமாம்" என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். உள்ளே பெரிய புல்வெளி பச்சைப்பசேல் என்று இருந்தது. கால் வைத்த பிறகுதான் பிளாஸ்டிக் என்று தெரிந்தது.

கூட்ட அறை வாசலில் செயலாளர் ஒரு பூங்கொத்தைக் கையில் திணித்து, சட்டையில் வில்லை ஒன்றைக் குத்திவிட்டார். 'பசியை அறிவோம்' என்று வில்லையில் பொறித்திருந்தது. உள்ளே நுழையும்போது பூட்டுக்காரரின் கை பழக்க தோஷத்தில் கதவுப் பூட்டைத் தொட்டது.

"ஐயா, இந்தப் பூட்டு உள்ள தேஞ்சு போயிருக்கு. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் காலை வாரிடும்."

அறையே சில்லிட்டுப் போயிற்று. தலைவர் பெருமூச்சு விட்டார். "இது நிபுணர் கருத்து. பொது உறுப்பினர் இப்படியெல்லாம் பேசக் கூடாது. குறிப்பிலேருந்து எடுத்துடுங்க."

செயலாளர் எடுத்துவிட்டார். பூட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

குழுவில் ஐந்து பேர். தலைவர், செயலாளர், மூளைப் பிரிவின் பேராசிரியர், குடல் பிரிவின் பேராசிரியை, பூட்டுக்காரர். மூளைப் பிரிவு மேல் மாடியில் இருந்தது, குடல் பிரிவு கீழ்த் தளத்தில். இரண்டு பிரிவுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பசி யாருக்குச் சொந்தம் என்பதில் தகராறு.

அன்றைக்கு வந்த விஷயம் சின்னதுதான். குடல் அனுப்புகிற 'போதும்' சமாச்சாரத்தைப் புட்டியில் தயாரித்திருந்தார்கள். பட்டினி போட்ட செம்மறி ஆட்டுக்கு அதை ஊசியாகப் போட்டுவிட்டுத் தீனி வைத்தால், வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டுக்குப் பெயர் பிராணி ஏழு. கூட்டம் இன்றைக்கு என்று முடிவானதும் நேற்றுச் சாயங்காலமே அதைப் பட்டினி போட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் ஊசி போட்டுத் தீனி வைக்கலாம். அதுவரை தண்ணீர் மட்டும்.

ஜன்னலுக்கு நேர் கீழேதான் பட்டி. கம்பி வலைக்குப் பின்னால் அந்த ஆடு நின்று கத்திக்கொண்டிருந்தது.

தலைவர் வரவேற்புரை ஆற்றினார். பசி என்னும் மாபெரும் புதிருக்கு முன் மனித குலம் எவ்வளவு சிறியது என்று சொன்னார். இந்த நிலையத்தில் இதுவரை எந்தப் பிராணிக்கும் ஆதாரம் இல்லாமல் தீனி போட்டதில்லை என்று பெருமிதத்தோடு சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. மூளையும் குடலும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே கதவில் முட்டிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் குறைந்துவிட்டதால் கூட்டம் செல்லாது என்று செயலாளர் அறிவித்துவிட்டு அவரும் ஓடினார்.

"அப்ப ஆடு?" என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார் பூட்டுக்காரர்.

மறுநாள் கூடினார்கள். முதல் வரியிலேயே குடல் பேராசிரியை கையைத் தூக்கினார்.

"பட்டினி போட்ட ஆடுன்னு போட்டிருக்கு. சரி, பட்டினி போட்டிருக்கோம். ஆனா அதுக்குப் பசிக்குதுன்னு யார் சொன்னது? ரத்தத்துல கிரெலின் ஏறியிருக்கான்னு நாங்க பாத்துச் சொல்லணும்."

"நீங்க தகவல் மட்டும்தாம்மா அனுப்புறீங்க" என்றார் மூளைப் பேராசிரியர். "தபால் போட்டவர் எல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. பசிங்கறது மூளை எடுக்குற முடிவு."

"நாங்க அனுப்பலேன்னா நீங்க என்னத்த முடிவு எடுப்பீங்க? சும்மா உக்காந்திருப்பீங்க."

"இப்பவும் அதான பண்றோம்!" என்று ஆவேசத்தில் சொல்லிவிட்டு, மூளைப் பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

கீழே ஆடு கத்தியது. பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அது பசியிலதான கத்துது?"

உடனே செயலாளர் எழுந்து நின்றார். "பொதுமக்களின் குரல் கேட்கப்பட்டது!" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எப்போது வாயைத் திறந்தாலும் இதே கதைதான். சொன்னது என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கத்தல் என்பது ஒரு ஒலி என்றும், ஒலிக்கும் பசிக்கும் உள்ள உறவை ஆராயத் தனிக் குழு தேவை என்றும் தலைவர் சொன்னார். ரத்தம் எடுக்கத் தீர்மானித்தார்கள். ரத்தம் எடுக்க யார் உத்தரவு போடுவது என்று கேள்வி வந்தபோது சாப்பாட்டு மணியும் வந்தது.

பூட்டுக்காரர் கையில் அன்றைய பூங்கொத்தோடு பட்டி வழியாக நடந்தார். ஆடு வலையோரம் வந்து மூக்கை நீட்டியது. அவர் காவலாளியைப் பார்த்தார்.

"நீங்க ஏதாச்சும் போடக் கூடாதா?"

"தீனி ரூம்ல சீல் வெச்சிருக்காங்க சார். தொட்டா என் வேலை போயிடும். மகாராணியப் பாத்தா எனக்கு மட்டும் மனசு கேக்குதா?" பிராணி ஏழுக்குக் காவலாளி வைத்திருந்த பெயர் மகாராணி.

பூட்டுக்காரர் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். அந்த வளாகம் முழுக்கத் தேடினாலும் உயிருள்ள பச்சை அது ஒன்றுதான். வலை இடுக்கில் நீட்டினார். காவலாளி வானத்தில் ஏதோ பறவையைப் பார்க்கப் போய்விட்டார். பூ, இலை, காம்பு, சுற்றியிருந்த ஓலை நாடா எல்லாம் ஒரு நொடியில் உள்ளே போய்விட்டன. ஆடு அவர் விரலையும் ஒருமுறை நக்கிப் பார்த்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். மாடி ஜன்னலிலிருந்து யாரோ பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பூட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றுதான் அவர் நினைப்பெல்லாம்.

"பிராணி ஏழு பூங்கொத்தை ஏன் தின்றது?" என்று தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"பசியா இருக்கும்ங்க" என்றார் பூட்டுக்காரர்.

"பொதுமக்களின் குரல் கேட்கப்பட்டது!" கைதட்டல்.

"பசி இல்ல, ஆசை" என்றார் மூளைப் பேராசிரியர். "அலங்காரமா இருக்கு, வாசனையா இருக்கு, தின்னு பாப்போம்னு ஆசை. ஆசை மூளையில இருக்கு. இது எங்க பிரிவு."

"தின்னது எங்க போச்சு? வயித்துக்குத்தான போச்சு? எங்க பிரிவு!" என்று மேஜையைத் தட்டினார் குடல் பேராசிரியை.

தலைவர் இருவரையும் கையமர்த்தினார். அவர் முகத்தில் ஒரு ஒளி வந்திருந்தது. "பூங்கொத்து நம்ம தீனிப் பட்டியல்ல இல்ல. தீனி இல்லாத ஒண்ணத் தின்னா அது தின்னதா ஆகாது. ஆகவே பிராணி ஏழு இன்னும் எதுவும் சாப்பிடல. பட்டினி கெடல. ஆராய்ச்சி தப்பிச்சுது."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பூட்டுக்காரரை மன்னித்துவிட்டார்கள். இனிமேல் உறுப்பினர்களுக்குப் பிளாஸ்டிக் பூங்கொத்து வழங்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த நிலையத்தின் சரித்திரத்தில் ஒரே கூட்டத்தில் முடிந்த தீர்மானம் அதுதான். பிறகு சாப்பாட்டு மணி அடித்தது.

வீட்டில் அன்று சாயங்காலம் பூட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடிப்பதை நிறுத்தினாள்.

"மூணு நாளாவா?"

"ம்."

"தண்ணி மட்டுமா?"

"ம்."

"அஞ்சு பேர் உக்காந்து?"

"ம்."

"அந்த அஞ்சுல நீங்களும் ஒருத்தர்தான?"

பூட்டுக்காரர் சட்டையிலிருந்த வில்லையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"நான் தெரு பூராவும் மெம்பர் மெம்பர்னு தம்பட்டம் அடிச்சுட்டுத் திரியறேன்" என்றாள். "ஒரு ஆட்டுக்குத் தீனி போடச் சொல்ல முடியாத மெம்பர் எனக்கு எதுக்குங்க?"

அன்றைக்கு அவள் 'என்னங்க' என்றுகூடக் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் காலையில் பட்டி நிசப்தமாக இருந்தது. ஆடு ஒரு மூலையில் படுத்திருந்தது. பூட்டுக்காரர் வலையோரம் நின்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தார். காது மட்டும் அசைந்தது. "காலையிலேருந்து எந்திரிக்கல சார்" என்றார் காவலாளி.

மேலே தலைவர் உற்சாகமாக இருந்தார். "சத்தம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? பிராணி ஏழு திருப்தியா இருக்கு. குறிச்சுக்குங்க." செயலாளர் குறித்துக்கொண்டார்.

"ஐயா, அது செத்துடும்" என்றார் பூட்டுக்காரர்.

"பொதுமக்களின் குரல் கேட்கப்பட்டது!" கைதட்டல். பூட்டுக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக் பூங்கொத்தை மேஜை மேல் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

தலைவர் எழுந்தார். "தினமும் ஆள் குறைஞ்சு கூட்டம் கலைஞ்சு போகுது. நமக்குப் பொறுப்பு வேணாமா? இன்னிக்கு முடிவு எடுக்காம யாரும் வெளிய போகப் போறதில்ல." தாமே போய்க் கதவை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உறுப்பினர்கள் அவருடைய தலைமைப் பண்பை மெச்சிக்கொண்டார்கள்.

அப்புறம் வழக்கம்போல ஆரம்பித்தது. ரத்தம் எடுக்கும் உத்தரவை மேல் மாடி எழுதிக் கீழ்த் தளம் ஒப்புவதா, கீழ்த் தளம் எழுதி மேல் மாடி ஒப்புவதா? மூளைப் பேராசிரியர் பலகையில் ஒரு படம் போட்டார். குடல் பேராசிரியை அதை அழித்துவிட்டு வேறு படம் போட்டார். குடல் அனுப்பும் 'போதும்' சமாச்சாரத்தின் பெயரைக் கோலிசிஸ்டோகைனின் என்று தலைவர் சொல்ல முயன்று மூன்று தடவை வெவ்வேறு இடத்தில் வழுக்கி விழுந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. கதவுக்கு வெளியே சாப்பாட்டு வண்டி வந்து நிற்கும் சத்தமும், வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தின் வாசனையும் கேட்டன என்று சொல்ல வேண்டும். அவ்வளவு பலமான வாசனை.

"விவாதம் ஆழமாப் போயிருக்கு. நாளைக்குத் தொடரலாம்" என்று தலைவர் துள்ளி எழுந்து, சாவியைப் பூட்டில் போட்டு வேகமாகத் திருகினார். டக் என்றது. பாதிச் சாவி அவர் கையில் இருந்தது. மீதிப் பாதி பூட்டுக்குள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு கதவைத் தள்ளினார்கள், இழுத்தார்கள், தட்டினார்கள். ஜன்னலில் கம்பி. போன்கள் வாசலில் பெட்டிக்குள். காவலாளி வந்து வெளியே நின்றார்.

"கதவ உடைய்யா!" என்றார் தலைவர்.

"பராமரிப்புப் பிரிவு உத்தரவு இல்லாம உடைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் போன மாசம் போட்டீங்க."

"பராமரிப்புப் பிரிவுல யார் இருக்கா?"

"லீவு சார். திங்கக்கிழமைதான் வருவாரு."

நேரம் ஆக ஆக அறைக்குள் விஞ்ஞானம் இறங்கிக்கொண்டே வந்தது. மூளைப் பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வயித்தக் கிள்ளுதே" என்றார். குடல் பேராசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தல சுத்துது, ஒண்ணுமே ஓடல" என்றார். பல வருஷச் சண்டை அந்த இடத்தில் சமாதானமாகி, இருவரும் அருகருகே உட்கார்ந்து முனகினார்கள். செயலாளர் தம்மை அறியாமல் பிளாஸ்டிக் பூங்கொத்திலிருந்து ஒரு இதழைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். தலைவர் கதவடி இடுக்கின் முன் மண்டியிட்டு, வாசனை வரும் திசையில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார். இரைச்சலாக ஏதோ கேட்டது. அவர் வயிறுதான் கத்தியது.

பூட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஞாபகம் வந்தது செயலாளருக்குத்தான். "இவர் பூட்டுக்காரர் ஆச்சே!" என்று கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். நாலு நாளில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார்கள்.

"அண்ணே, தொறங்கண்ணே!" என்றார் மூளைப் பேராசிரியர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். பூட்டையும் சேத்துத்தான்னு ஐயா சொன்னாரு."

"விதியெல்லாம் தளர்த்தலாம்ப்பா! பசி உயிர் போகுது!" என்று அலறினார் தலைவர்.

"ஐயாவுக்குப் பசிக்குதுங்களா?"

"என்னய்யா கேள்வி இது? பசிக்குது, பசிக்குது!"

"ரத்தம் எடுத்துப் பாத்தாச்சுங்களா?"

குறும்புக்காக அவர் கேட்கவில்லை. அந்த அறையில் நாலு நாளாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் கேட்டு முடித்ததும் அவருக்கே ஏதோ விளங்கிவிட்டது. இவர்கள் கோபித்தால் மெம்பர் பதவி போகும், தெருவில் மறுபடியும் வெறும் பூட்டுக்காரர்தான் என்பதும் கூடவே விளங்கியது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்தார். ஆடு அதே மூலையில்தான் கிடந்தது.

"உங்க நாலு பேருக்கும் காலையிலதாங்க வயிறு நிறைஞ்சிருந்துச்சு" என்றார். "அதுக்கு நாலு நாளாச்சு. முதல்ல அதுக்குத் தீனி போடுன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் எனக்குப் பூட்டு தெரியுதான்னு பாக்குறேன்."

"இது மிரட்டல்!" என்றார் தலைவர்.

"பொதுமக்களின் குரல்ங்க" என்றார் பூட்டுக்காரர்.

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் தாளைப் பிடுங்கினார். உத்தரவை மேல் மாடி எழுதுவதா கீழ்த் தளம் எழுதுவதா என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் ஒரே பேனாவைப் பிடித்து எழுதினார்கள். ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வயிறாரப் போடுங்கள் என்று தலைவர் தாமே ஒரு வரி சேர்த்தார். மை காய்வதற்குள் நாலு கையெழுத்தும் விழுந்துவிட்டன.

பூட்டுக்காரர் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றினார். தலைவர் சட்டையில் இருந்ததையும் கேட்டு வாங்கினார். இரண்டின் ஊசியையும் நிமிர்த்தி, ஒன்றால் உடைந்த சாவித் துண்டைக் கொக்கி போட்டு இழுத்தார், இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டுக் காதை வைத்துக் கேட்டார். 'பசியை அறிவோம்' கதவைத் திறந்துவிட்டது.

அவரைத் தள்ளிக்கொண்டு நாலு பேரும் வண்டியை நோக்கிப் பாய்ந்தார்கள். பூட்டுக்காரர் படியில் இரண்டிரண்டாக இறங்கிக் காவலாளியிடம் தாளை நீட்டினார்.

"நாலுதான் சார் இருக்கு. அஞ்சாவது?"

அது அவருடைய கையெழுத்து. நாலு நாளாக அதை யாரும் கேட்கவே இல்லை. காவலாளியின் முதுகில் தாளை வைத்துப் போட்டார். காவலாளி ஓடிப்போய்த் தீனி அறையின் சீலை உடைத்து, கை கொள்ளாமல் காய்ந்த புல்லை அள்ளி வந்தார். ஆடு தலையைத் தூக்கவில்லை. பூட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, ஒரு புல்லை அதன் உதட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உதடு அசைந்தது. ஒரு புல் உள்ளே போயிற்று. இன்னொன்று. பிறகு முன்காலை ஊன்றி மெள்ள எழுந்தது. பூட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காவலாளியும் மூக்கை உறிஞ்சினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தலைவர் சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டே வந்தார். பின்னால் மற்றவர்களும். எல்லோர் முகத்திலும் ஒரு சாந்தம். குடல் தன் கடமையைச் செய்து மூளைக்குப் 'போதும்' என்று சொல்லி அனுப்பியிருந்தது.

"யோசிச்சுப் பாத்தா அவசரப்பட்டுட்டோம்" என்றார் தலைவர். "பசின்னு அப்படி ஒண்ணும் பெரிசா இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு?"

"லேசா ஒரு அசதி" என்றார் மூளைப் பேராசிரியர்.

"இதமான ஒரு ஓய்வு" என்றார் குடல் பேராசிரியை.

"உத்தரவை ரத்து பண்ணிடலாம்" என்று முடித்தார் தலைவர். ஆனால் ஆடு அதற்குள் முக்கால் கட்டு புல்லைத் தின்றுவிட்டிருந்தது. ரத்து செய்ய அங்கே கால் கட்டுதான் மிச்சம் இருந்தது. ஊசியில்லாமல் தின்றுவிட்ட பிராணி ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை, ஆகவே வளாகத்தை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பூட்டுக்காரர் பூட்டைத் திறந்ததன் மூலம் ஒரு துறையில் நிபுணர் என்று அம்பலமாகிவிட்டதால் அவரும் குழுவுக்கு லாயக்கில்லை என்று அதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வளைந்த வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நிலையத்தோட மானத்தக் கோணலாக்கிட்டீங்களே" என்று தலைவர் வருத்தப்பட்டார்.

வாசலில் காவலாளி கருவிப் பையைக் கொடுத்தார். அப்புறப்படுத்து என்றால் எங்கே என்று உத்தரவில் இல்லை. அவர் கயிற்று நுனியைப் பூட்டுக்காரரின் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் வானத்தில் பறவை பார்க்கப் போய்விட்டார்.

தெருமுனையில் மனைவி கடை வாசலிலேயே நின்றிருந்தாள். ஆட்டையும் பார்த்தாள், சட்டையில் வில்லை இல்லாததையும் பார்த்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"ஆடு சாப்டுச்சா?"

"சாப்டுச்சு. நல்லாச் சாப்டுச்சு."

"என்னங்க" என்றாள். "நீங்க சாப்டீங்களா?"

பூட்டுக்காரர் யோசித்தார். அந்த நிலையத்தில் நாலு நாளில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை.

"அது கமிட்டி கூடித்தான் சொல்லணும்" என்றார்.

அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். கயிற்றை வாங்கித் தூணில் கட்டிவிட்டு, உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள்.